தீவன மில்லும் தம்பியின் திமிரும்

கோழித் தீவனம் அரைக்கிற மில்லின் இரைச்சல் எங்கே கேட்டாலும் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டியே அது ஓடியது. மில், பண்ணை, வீடு எல்லாமே பெரியப்பாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை. அப்பா அவருக்குத் தம்பியாக இருந்ததைத் தவிர வேறெதுவாகவும் இருந்து நான் பார்த்ததில்லை.

என் தம்பிக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. மில் ஓடத் தொடங்கினால் ஒருநாள் எச்சில் துப்புவான், ஒருநாள் தட்டை வீசுவான், இன்னொரு நாள் தன் கையையே கடித்துக்கொள்வான். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார். துப்பினால் கொழுப்பு, உதட்டில் மிளகாய்த்தூள். வீசினால் திமிர், சோறு கிடையாது. கடித்தால் பைத்தியம், கட்டிலோடு கட்டு. போதாததற்கு, "பக்கத்துலயே இருந்தாப் பழகிருவான்" என்று மில்லருகே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பழகுவதற்கு அது என்ன பள்ளிக்கூடமா?

அம்மா கெஞ்சிக் கூத்தாடி அவனை அஸ்தம்பட்டியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். பெரியப்பா வெளியே காரிலேயே இருந்துவிட்டார். உள்ளே பயிற்சி கொடுக்கிற அம்மணி, அம்மா சொன்ன பட்டங்களையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"திமிரு, கொழுப்பெல்லாம் நீங்க வச்ச பேருங்க. அவன் என்ன செஞ்சான், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன கெடச்சுது? அதை மட்டும் சொல்லுங்க."

"முன்னால மில்லு ஓடுமுங்க. கடைசில மனசு கேக்காம நான் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவேனுங்க."

"அப்ப மூணும் ஒரே ரகந்தாங்க. பார்வைக்குத்தான் வேற வேற. மூணுலயும் அவன் சத்தத்தை உட்டு வெளிய வந்துர்றான். அதையே கடிக்காம, துப்பாம கேக்கறதுக்குச் சொல்லிக்குடுப்போம்."

கிளம்பும்போது, வீட்டில் வேறு யாரும் இப்படிச் செய்வதுண்டா என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன்.

அங்கே போய்வரப் போய்வர, சத்தம் பொறுக்காதபோது காதுகளைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்க்கத் தம்பி கற்றுக்கொண்டான். வீட்டில் முதன்முறையாக அப்படிச் செய்த அன்று அவன் துப்பவில்லை, எறியவில்லை. அம்மா அழுதே விட்டாள். அந்தத் தைரியத்தில், அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன பிறகு மில்லை ஓட்டலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டாள்.

"எம்பட மில்லு எப்ப ஓடோணும்னு இவன் சொல்றானா? ஹோம்ல கொண்டுபோய் உட்டாத்தான் அடங்குவான்."

"வேண்டாமுங்க மாமா" என்றாள் அம்மா. அப்பாவின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டார். சோறு கூடமெங்கும் சிதறியது. தெருவே கேட்கக் கத்தினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று வெளியேறினார். அம்மா வாசல்வரை ஓடினாள்.

"நீங்க சொன்னபடியே செய்யறமுங்க மாமா. வந்து சாப்புடுங்க."

வந்தார். சாப்பிட்டார். ரோஷக்கார மனுஷன் என்றார்கள் பக்கத்து வீட்டார். அடுத்த வாரமே தம்பியை, அவனைப் போன்ற பிள்ளைகளைத் தங்கவைக்கிற ஹோமில் விட்டார்கள். காரில் ஏறும்போது அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்தான்.

தட்டு, கத்தல், துண்டு. மூன்றும் பார்வைக்குத்தான் வேறு வேறு. அன்று சிதறிய சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு, பெரியப்பா திரும்பி வந்துவிட்டாரே என்று நிம்மதியாக இருந்தது.