காருக்குக் கைலி கட்டிய கோடை

கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. நனைந்து காயாமல் கிடந்த சாக்கு, எலிப்புழுக்கை, பெட்ரோல், எப்போதோ சீட்டில் கொட்டிப்போன ரோஸ் மில்க், இவையெல்லாம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இரண்டு மழைக்காலம் சேர்ந்து ஊறியதால் வந்த வாடை. எங்கள் வீட்டில் அதற்கு "மக்குன வாடை" என்று பெயர். அதை முகர்ந்ததும் மாமா வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, தெருவரைக்கும் பின்வாங்கிப் போய் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பெரிய கடை வீதிப் பக்கம் அத்தர்க் கடை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஞ்சை முகர்ந்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் எங்கள் சொந்தத்தில் அவர் மூக்குக்குத் தனி மரியாதை. அத்தா, அதாவது என் அப்பா, சவூதியில் வேலையில் இருந்தார். ஒரு லீவில் வந்தபோது பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, லீவு முழுக்க எங்களை முக்கொம்புக்கும் கல்லணைக்கும் ஏற்றிக்கொண்டு திரிந்தார். பிறகு எடமலைப்பட்டி புதூர் வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் அதை நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டார். அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உள்ளே போய் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு இறங்குவாள். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. உட்காரத்தான் முடியாது.

"இதுல புள்ளைங்கள ஏத்தாத ஜரீனா. சபீனாவுக்கு மூச்சு நின்னுரும். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரலாம்" என்றார் மாமா.

சபீனா என் தங்கை. தூசி பட்டாலோ ஈரக்காற்று பட்டாலோ அவளுக்கு "வீசிங்" வந்துவிடும். அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு மாலை, அடைமழையில், மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா மதுரை ரோட்டோரம் நின்றாள். குடையைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். வந்த ஆட்டோ எல்லாம் ஆளோடு வந்தது. கடைசியில் யாரோ ஒரு பால் வண்டிக்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். அன்று வீட்டில் ஒரு கார் நின்றது, அம்மாவின் பீரோவில் டிரைவிங் லைசென்ஸும் இருந்தது.  

மாமா அத்தாவிடம் போனில் சொல்லிவிட்டார். அத்தாவும், "மச்சான் மூக்கு பொய் சொல்லாது, வித்துரு ஜரீனா" என்றுவிட்டார். ரிசீவரை வைத்ததும் அம்மா மாமாவிடம் திரும்பினாள்.

"பள்ளிக்கூட லீவு முடியிற வரைக்கும் டைம் குடுங்கண்ணே. அப்புறம் நீங்களே கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ள உக்காந்து பாருங்க. துளி நாத்தம் அடிச்சாலும் ஆளக் கூப்பிட்டு நானே தூக்கிக் குடுத்துடறேன்."

மாமா சிரித்தார். "ஒன்னால ஆகாது புள்ள. ஆனா செஞ்சு பாரு" என்றார்.

அம்மாவுக்குத் துணை வந்தவர் வைதேகி டீச்சர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு, ஒரு பள்ளியில் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில் ஒரே பேட்ச். ஒரே நாளில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகு இரண்டு பேருக்குமே ரோட்டில் வண்டி ஓட்ட வாய்க்கவில்லை. வைதேகி டீச்சர் வீட்டில் ஸ்கூட்டர்தான், அதுவும் அவர் கணவரோடு ஆபீஸ் போய்விடும். செய்தி தெரிந்த மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "பெருமாளே!" என்று மூக்கைப் பிடித்தவர், உடனே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஸ்பேனர் எங்கடி வெச்சிருக்க?" என்றார்.

சபீனாவை அந்த லீவு முழுக்கப் பகலில் அடுத்த வீட்டில் விட்டோம். நாங்கள் மூன்று பேரும் துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டோம். தெருவில் போனவர்கள் கொள்ளைக்காரர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பின்சீட்டு இழுத்ததும் வந்துவிட்டது. முன்சீட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரின் மேல் அம்மா ஏறி நின்று, டீச்சர் அம்மாவின் தோளைப் பிடித்து அழுத்த, "டக்"கென்று ஒன்று அசைந்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் கைதட்டினோம்.

பின்சீட்டுக்கு அடியில் எலி ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. சீட்டின் தேங்காய் நாரைப் பிய்த்து மெத்தை போட்டு, அதன்மேல் என் ரிப்பன் ஒன்றையும் சபீனாவின் காணாமல்போன சாக்ஸையும் விரித்து வைத்திருந்தது. "பாருடி, நம்மளவிட நன்னா குடித்தனம் பண்ணியிருக்கு" என்றார் டீச்சர். தரைவிரிப்பை உரித்தபோதுதான் உண்மையான எதிரி தெரிந்தான். விரிப்புக்கு அடியில் கறுத்துப்போன சணல் பட்டை ஒன்று, தொட்டால் சொட்டும் அளவுக்குத் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதை எடுத்ததும் தரைத் தகட்டில் ரப்பர் மூடிகள் தெரிந்தன. அம்மா ஒன்றைப் பிடுங்கினாள். தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் வண்டிக்கு அடியில் கடகடவென்று ஓடியது. எத்தனை மாதத் தண்ணீரோ! அது ஓடி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் குனிந்து, ஏதோ திருவிழா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கத்திரி வெயில் எங்களுக்காகவே வந்ததுபோல இருந்தது. ஊரே நிழலுக்கு ஓடியபோது நாங்கள் வண்டியை வெயிலுக்குத் தள்ளினோம். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நாலு கதவையும் திறந்து காயவைத்தோம். துருப்பிடித்த இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தோம். நாரை எரித்துவிட்டு, மெத்தைக் கடையிலிருந்து "ஃபோம்" வாங்கி வந்து ஸ்பிரிங்குக்கு மேல் வெட்டிப் போட்டாள் அம்மா. உறைக்கு என்ன துணி என்பதில்தான் சண்டை. டீச்சர் மெரூன் ரெக்ஸின் என்றார், நான் கிளிப்பச்சை வெல்வெட் கேட்டேன். அம்மா இரண்டையும் கேட்டுவிட்டுப் பெரிய கடை வீதிக்குப் போய், நீலமும் பச்சையும் கட்டம் போட்ட கைலித் துணியைச் சுருளாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கைலியா?" என்று டீச்சர் வாயைப் பிளந்தார்.

"வாராவாரம் கழட்டி வெந்நில போட்டு அலசலாம். தூசி தங்காது. சபீனா உக்காரணும்ல" என்றாள் அம்மா.

மிதிமெஷினில் அம்மா தைத்த உறைகள் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தன. கட்டத்தோடு கட்டம் சேரும்படி மூலைகளைத் திருப்பியிருந்தாள். கழற்ற ஓரத்தில் நாடா. சீட்டுகளை ஏற்றிப் போல்ட்டை முடுக்கிய மாலை, நாங்கள் மூவரும் உள்ளே ஏறி உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்தோம். அப்போது வந்தது கோடைமழை. முதலில் மண்வாசம், பிறகு கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சடசடவென்று சத்தம். கூரையின் விரிசல் வழியே தண்ணீர் வண்டியின் மேல் கொட்டியது. "கொட்டட்டும்டி, நாம உள்ளதானே இருக்கோம்" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தோம். வண்டியின் உள்கூரைத் துணியில், பின்கண்ணாடியை ஒட்டிப் பழுப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. அடுத்த சொட்டு புதுக் கைலி உறையில் விழுந்தது. துணி நனைய நனைய, ஓட்டிவிட்டோம் என்று நினைத்திருந்த அந்த வாடை மெதுவாக உள்ளே இறங்கியது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சநேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நல்ல வேளை, இப்பவே பேஞ்சுது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை என் அம்மாவை வியந்துகொண்டிருக்கிறேன்.

பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் கருவாடுபோலக் காய்ந்து வெடித்திருந்தது. புதூர்ப் பட்டறையில் கேட்டபோது புது பீடிங்கைக் கொடுத்து, அதை எப்படிப் போடுவதென்று சொன்னார்கள். "அது பொம்பளைங்க பாக்குற வேலை இல்லக்கா, ஆள் அனுப்புறேன்" என்றும் சொன்னார்கள். ஆள் வரவேயில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா கத்தியை எடுத்துப் பழைய ரப்பரை அறுத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பாயில் படுக்கவைத்தோம். வாடையைப் பிடித்துவைத்திருந்த கூரைத் துணியையும் உரித்து, அதையே அளவாக வைத்துப் புதுக் காடாத் துணியில் வெட்டித் தைத்து மாட்டினாள்.

கண்ணாடியைத் திரும்பப் பொருத்திய காலையை என்னால் மறக்க முடியாது. ரப்பரைக் கண்ணாடியின் விளிம்பில் மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு நூல் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, வண்டியின் வாயில் வைத்தோம். வெளியிலிருந்து டீச்சர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அழுத்தினார், மூலையை நான் தாங்கினேன், உள்ளே அம்மா "பிஸ்மி" சொல்லிக் கயிற்றை இழுத்தாள். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிந்து உட்கார்ந்துகொண்டே போனது. மேல்மூலையில் வந்ததும் கயிறு சிக்கிக்கொண்டது. கண்ணாடி "க்ரீச்" என்றது.

"விட்டுடாத டீச்சர்!"

"நான் விடல, நீ இழுடி! ரங்கா, ரங்கா!"

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கயிறு முழுவதும் அவள் கையோடு வந்தது, கண்ணாடி அதனிடத்தில் உட்கார்ந்துவிட்டது. என்னை உள்ளே உட்காரவைத்து வெளியே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் உள்ளேயிருந்து, "வரல! வரல! வரல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். டீச்சரும் அம்மாவும் ஈரத்தோடு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். இரண்டு பெரிய மனுஷிகள் குதித்து அன்றுதான் பார்த்தேன்.

லீவின் கடைசி ஞாயிறு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் அத்தர்ப் பஞ்சு. "வாசனைக்கு வாசனை இடைஞ்சல்" என்று சொல்லிப் பஞ்சை எடுத்துத் தூர எறிந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். திறந்ததும் சிரித்தார்.

"என்ன புள்ள, காருக்குக் கைலி கட்டி விட்டிருக்க?"

"உக்காருங்கண்ணே. டீச்சர ஸ்ரீரங்கத்துல விட்டுட்டு வந்துரலாம்."

"டிரைவர் எங்க?"

அம்மா முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மாமாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் சபீனா அதற்குள் ஏறி, "வாங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஜங்ஷன் தாண்டும்போது மாமா குனிந்து சீட்டுக்கு அடியில் முகர்ந்தார். பாலக்கரையில் தலையைத் தூக்கிக் கூரைத் துணியை முகர்ந்தார். தெப்பக்குளம் வந்தபோது உறையின் நாடாவை அவிழ்த்து உள்ளே மூக்கை நுழைத்தார். மெயின்கார்டு கேட் நெரிசலில் ஒரு டவுன் பஸ் எங்கள்மேல் உரசுவதுபோல வந்தது. அம்மா கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஒதுங்காமல் நேராகப் போனாள். முன்சீட்டிலிருந்த டீச்சர், "அப்படிப் போடு!" என்றார்.

"அத்தர் ஏதாவது தெளிச்சியா?" என்று கேட்டார் மாமா.

"இல்லண்ணே. வெயில்ல காஞ்ச துணி வாசம்தான்."

காவிரிப் பாலத்தில் ஏறியபோது எங்கள் எல்லாருக்கும் வியர்வை ஊற்றியது. கீழே தண்ணீர் இல்லை, மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணாடி இறக்கும் கைப்பிடியில் கை வைத்தார்.

"மொதல்ல ஒங்க மூக்கு என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க. அப்புறம் எறக்குங்க" என்றாள் அம்மா, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாமா தன் மடியைப் பார்த்தார். சபீனா அவர்மேல் சாய்ந்து வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் இழுப்பு இல்லை, மூக்கில் சத்தம் இல்லை. அவர் கொஞ்சநேரம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"மாஷா அல்லாஹ். விக்க வேணாம்மா" என்றார். பிறகு அவரே கண்ணாடியை இறக்கினார், நாங்களும் இறக்கினோம். ஆற்றுக்காற்று நாலு பக்கமும் உள்ளே பாய்ந்தது. டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்தார். திரும்பி வரும்போது மாமா ஸ்ரீரங்கத்திலேயே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அத்தாவுக்குப் போன் போட்டு, "மாப்ள, நீ வாங்கின வண்டி இல்ல இது. என் தங்கச்சி செஞ்ச வண்டி" என்று பூத்துக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த லீவில் அத்தா வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனவள் அம்மாதான்.

அந்த அம்பாசிடர் இப்போது இல்லை. பல வருஷம் ஓடியபின் அம்மா தானே அதை விற்றாள், கண் கலங்காமல். கொட்டகை இருந்த இடத்தில் வாடகைப் போர்ஷனுக்குப் படிக்கட்டு ஏறுகிறது. மாமா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது, கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வைதேகி டீச்சர் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். என் வண்டியைச் சுத்தம் செய்ய நான் கடையில் விட்டுவிடுகிறேன். சாயங்காலம் எலுமிச்சை வாசத்தோடு திரும்பி வருகிறது. சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை.

போன வாரம் சபீனா பிரசவத்துக்கு வந்திருந்தாள். விடியற்காலையில் வலி எடுத்தது. அவள் கணவர் பதறிக்கொண்டு போனில் டாக்சி தேடிக்கொண்டிருந்தார். அம்மா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "அதெல்லாம் எதுக்குத் தம்பி, ஏறுங்க" என்று என் காரின் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்தாள்.