எங்கள் வீட்டு ஆப்பிள் மரம்

"...எட்டவே இல்லீங்க. நானும் எவ்ளோ எக்கிப் பார்த்துட்டேன். நாளைக்கே இந்தப் பொட்டிய கட்டித் திருப்பி அனுப்பிடுங்க, சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி.

கண்ணை முழுக்க மறைத்து, பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று அவள் முகத்தில் மாட்டியிருந்தது. ஜீவனஹள்ளியில் எங்கள் சின்ன ஹாலில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டு ஓர் ஆப்பிள் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். மரம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது அவளுடைய வலது கை. அது காதைத் தாண்டி மேலே நின்றது. மாதக்கணக்காக மார்புக்கு மேல் எழும்பாத கை அது.

அவள் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா. மழைநாள் ஒன்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் வந்தவள் வழுக்கிவிட்டாள். குழந்தையின் மேல் ஒரு கீறல் இல்லை. விழுந்த வேகத்தை எல்லாம் இவள் தோள் வாங்கிக்கொண்டது. தசைநார் பிசகியிருந்தது. பிறகு டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "ஆறிடுச்சும்மா, இனிமே தைரியமா தூக்கலாம்" என்றார். அதைத் தோளுக்கு யார் சொல்வது? வலிக்குமோ என்று தூக்காமல் இருந்தாள். தூக்காததால் இறுகியது. இறுகியதால் மறுபடி வலித்தது. அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவதும் என் வேலையாயிற்று. "இது ஜடைங்க, உங்க ஆட்டோ ஹேண்டில் இல்ல, மெதுவா முறுக்குங்க" என்பாள்.

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஊரின் வலியெல்லாம் பின்சீட்டிலிருந்து காதில் விழும். "முதுகு வலி வந்த பிறகுதான் எனக்கு ஒரு முதுகு இருக்கறதே தெரிஞ்சுது" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து சொன்னேன். "அவருக்கென்ன, பின்னாடி இருக்கு, கண்ணுல படாது. எனக்கு முன்னாடியே தொங்குது" என்றாள்.

பிசியோதெரபி பார்க்கும் இடம் ஊரின் மறுகோடியில். போய்விட்டு என் ஆட்டோவில் குலுங்கி வருவதற்குள் பார்த்த வைத்தியம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அதனால் அவர்களே இந்தப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடியை மாட்டினால் தோட்டம் தெரியும். கையில் பிடிக்கும் கருவியால் பழம் பறிக்க வேண்டும். வேலைக்கென்று இங்கே வந்த கோயமுத்தூர்ப் பெண் ஒருத்திதான் பிசியோ. பீரோவில் சாய்த்து வைத்த போனில் முகம் காட்டி, அங்கிருந்தபடியே பார்த்துச் சொல்வாள்.

முதல் நாள் கண்ணாடி இருட்டாகவே இருந்தது. "எங்கப்பா கோலார்ல சுரங்கத்துல எறங்கறப்ப இப்டித்தான் இருந்திருக்கும்" என்றாள் இவள். தோட்டம் வந்ததும், "அய்ய, ஆப்பிளா? ஒரு மாமரம் வைக்கக் கூடாதா இவங்க?" என்று அதிலும் ஒரு குறை.

குறை சொல்வதற்குக் காரணம் இருந்தது. ஜூனில் பள்ளி திறக்கிறது. தலைமை ஆசிரியை நல்லவர்தான். ஆனாலும் வருவாயா மாட்டாயா என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவள் பள்ளிக்கூடம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை.

பிசியோ பெண் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "அங்கிள், நீங்க பக்கத்துல நில்லுங்க. ஆன்ட்டி தடுமாறினா புடிச்சுக்கோங்க. ஆனா கை எவ்வளவு மேல போகுதுன்னு மட்டும் நடுவுல சொல்லிராதீங்க. சொன்னா அவங்க மரத்த உட்டுட்டுக் கையக் கவனிக்க ஆரம்பிச்சிருவாங்க." பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போவேன் என்று இவளிடமும் சொல்லித்தான் இருந்தாள். கோபத்தில் இவள் அதை மறந்துவிட்டாள்.

சும்மா இரு என்று என்னிடம் சொல்வது, சிக்னலில் நிற்கிறவனிடம் ஹாரன் அடிக்காதே என்று சொல்வது மாதிரி. அதனால்தான், இவள் மரத்தைத் திட்ட ஆரம்பித்ததுமே துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். போனில் அந்தப் பெண்ணும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"இடுப்பச் சாய்க்காதீங்க ஆன்ட்டி. கை மட்டும் போகட்டும்."

"எங்கம்மா போவுது? இருக்கற எடத்துலயே இருக்குது."

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அய்யோ அக்கா, கை மேல பரண் வரைக்கும் போயிடுச்சே!"

கை சட்டென்று கீழே வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். வாயிலிருந்த துண்டைப் பார்த்தாள். "நெஜமாவா?"

தலையாட்டினேன்.

கண்ணாடி இல்லாமல் கையைத் தூக்கினாள். மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

"அப்ப பொய் சொல்றது பொட்டியா, கையா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டும் இல்லீங்க ஆன்ட்டி. பொட்டி உங்க கையத் தூக்கி உடல. தூக்குனது நீங்கதான். வலிக்குமேன்னு நெனைக்க உங்களுக்கு அங்க நேரமில்ல, அவ்வளவுதான். இப்ப மெதுவா, மூச்ச உட்டுட்டே தூக்குங்க. வலி அதிகமானா நிறுத்திக்கலாம்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் என்னிடம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"தோளத் தாண்டிட்டீங்க ஆன்ட்டி. அங்கயே கொஞ்சம் வைங்க."

"வலிக்குதும்மா."

"பழைய மாதிரியேவா?"

யோசித்தாள். "இல்ல. அது கத்தி மாதிரி இருக்கும். இது புது செருப்பு கடிக்கிற மாதிரி இருக்குது."

"இன்னும் கொஞ்ச நாள் கடிக்குமுங்க. குழந்தையத் தூக்கற வேலைக்கு இப்பவே போயிராதீங்க. மெதுவாப் போலாம்."

நான் திரும்பியபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது. பிசியோவிடம் "நாளைக்கு இதே நேரம் வாம்மா" என்று சொல்லி அந்த அழைப்பை முடித்தாள். பிறகு அதே போனில் தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டு, "மேடம், ஜூலையிந்த பர்த்தீனி" என்று, ஜூலையிலிருந்து வருவதாகக் கன்னடத்தில் ஆரம்பித்து, ஜூன் ஒரு மாதத்துக்கு மட்டும் வேறு ஆள் வைத்துக்கொள்ள முடியுமா, வந்த புதிதில் பிள்ளைகளைத் தூக்காமல் சாப்பாடு ஊட்டும் வேலையை மட்டும் கொடுப்பீர்களா என்று கேட்கத் தொடங்கினாள்.