நூறு வெள்ளிக் கூட்டம்

சுங்கை சிப்புட் சந்தைக்கு வெளியே ஒருவனை அடித்துக் கொன்றார்கள். அவன் இடுப்பில் இரண்டு முறை உதைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது "திருடன், திருடன்" என்று சத்தம் கேட்டது. ஒரு பெண்மணி ரோட்டோரம் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ரத்தம். சங்கிலியை அறுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவனை ஒரு லாரி மறித்துவிட, அவன் சறுக்கி விழுந்து கிடந்தான். நாங்கள் ஓடினோம். ஓடு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டேதான் உதைத்தேன். "புள்ள இருக்குண்ணே, விட்டுருங்கண்ணே" என்றான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவன், என்னை அண்ணே என்றான். நான் இரண்டாவது முறை உதைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். பசித்தது.

மூன்றாம் நாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். லாரி டிரைவராக இருந்தவன், வேலை போய் எட்டு மாதம். மூடிப்போன ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில், கரண்டு இல்லாமல், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்திருக்கிறான். இதெல்லாம் பின்னால் காதில் விழுந்தது. யாரையாவது போலீஸ் பிடித்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

ஈப்போவில், பூந்தோங் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்து வருடமாக அதுதான் பிழைப்பு. போன வருடம் அவன் கதையைக் குறும்படமாக எழுதினேன். கரண்டு வெட்டுவது, பால்மாவு டின்னில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது, கடைசியில் சங்கிலி, கடைசியில் கூட்டம். எழுதிய எதிலும் நான் இல்லை. என்னோடு கேமரா பிடிக்கும் நண்பனிடம் "நேர்ல பாத்த கதை மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

பணம் கேட்டு இரண்டு பெரிய மனிதர்களைத் தேடிப் போனோம். "நம்ம ஆளுங்கள ஏன்பா இப்படிக் காட்டணும்? காமெடியா ஒண்ணு எடு, தாரேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் நண்பன் சொன்னான்: "பெரிய ஆளுங்க வேணாம் மச்சான். ஜனங்க கிட்டயே கேப்போம்லா. ஆளுக்குக் கொஞ்சம்."

பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினோம். நான் கேமரா முன்னால் உட்கார்ந்து வறுமையைப் பற்றி நாலு நிமிடம் பேசினேன். பத்து நாளில் பதினோரு பேர் காசு போட்டார்கள். அதில் ஆறு பேர் என் சொந்தக்காரர்கள்.

அடுத்த வீடியோவில் நான் பேசவில்லை. எங்கள் நாயகனைச் சுவரோடு தள்ளி, கன்னத்தில் அறைந்து, வயிற்றில் குத்துவதுபோல் இருபது வினாடி எடுத்துப் போட்டோம். கீழே இரண்டு வரி: "இந்தப் படத்தை நீங்கள்தான் எடுக்கப்போகிறீர்கள். நூறு வெள்ளி கொடுப்பவர்கள் கூட்டக் காட்சியில் நடிக்கலாம்." அந்த இரண்டு வரியை எழுதியதும் நான்தான்.

பணம் வந்தது. ஒரே வாரத்தில் தேவையானதில் பாதி சேர்ந்துவிட்டது. "நல்லா போடுங்க, திருட்டுப் பயலுக்கு இதான் மருந்து" என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் சொல்ல வருவதற்கு நேர் எதிரான பேச்சு. நான் அதற்கு ஒரு லைக் போட்டேன். அவர் நூறு வெள்ளி கொடுத்தவர்.

நாயகனாக நடித்தவர் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்துச் சிரிக்க வைப்பவர். ஐம்பது வயது. காலையில் கார் கழுவும் இடத்தில் வேலை, சனி ஞாயிறு மைக். அவர் மேடை ஏறினாலே ஜனம் சிரிக்கத் தொடங்கிவிடும். அவரை நான் அண்ணே என்பேன். கதையைக் கேட்டதும், "தம்பி, ஒரு தடவையாச்சும் என்னைப் பாத்து ஜனம் அழணும்லா" என்றார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், படப்பிடிப்புக்குச் சமைக்க ஒத்துக்கொண்டார்.

கூட்டக் காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தோம். சந்தையை மூட முடியாதென்பதால், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்துக்குப் போனோம். ரப்பர்ப் பால்மரம் போய் எங்கும் எண்ணெய்ச் செம்பனை. ஒரு வரிசை லயமும், முன்பு காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடலும் மட்டும் மிஞ்சியிருந்தன.

முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ரோட்டோர ஒட்டுக்கடையில் நாசி லெமாக் விற்கும் அம்மா ஒருவர், எங்களுக்கெல்லாம் முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தார். மோட்டார் சாமான் கடைக்காரர் ஒருவர் வெயிலுக்குக் கூடாரம் கொண்டுவந்து தன் கையால் கட்டிக் கொடுத்தார். ஸ்பாஞ்சில் செய்த தடிகளை எல்லாருக்கும் கொடுத்தோம். எங்கே அடிப்பது, எப்படிக் காலை நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தோம். அண்ணனுக்கு வலித்தால் இடது கையை விரித்துத் தூக்குவார். உடனே எல்லாரும் நிறுத்த வேண்டும். அவர் சொல்லும் எதையும் காதில் வாங்க வேண்டாம். கெஞ்சுவது, கத்துவது எல்லாம் வசனம்.

முதல் டேக் சப்பென்று இருந்தது. சிலர் சிரித்துவிட்டார்கள். இரண்டாவதும் அப்படியே. நான் நடுவில் போய் நின்றேன். "இவன் நடிகன் இல்ல. உங்க அம்மா கழுத்துல கை வச்சவன். அத நெனச்சுக்குங்க" என்றேன்.

மோட்டார் கடைக்காரரின் தாயை இரண்டு வருடத்துக்கு முன்னால் கைப்பையோடு சேர்த்து ரோட்டில் இழுத்துப் போயிருக்கிறார்கள். இடுப்பு உடைந்து படுத்தவர் எழவே இல்லை. அப்போது எனக்கு அது தெரியாது. அவர் நூறு வெள்ளி கொடுத்தது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாவது டேக்கில் அண்ணன் ஓடி வந்து விழுந்தார். கூட்டம் அவரை மூடியது. கேமராவோடு இணைத்த சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதல் அடியிலேயே மயிர் கூச்செறிந்தது. சத்தம் வேறாக இருந்தது. ஸ்பாஞ்சு அப்படிச் சத்தம் போடாது. மோட்டார் கடைக்காரர் தடியைப் போட்டுவிட்டுத் தன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். அதை ஓங்கி அண்ணனின் விலாவில் இறக்கினார். மறுபடி இறக்கினார். அதைப் பார்த்து இன்னொருவர் காலால் மிதித்தார். முட்டை அவித்துக் கொண்டுவந்த அம்மா சிலிப்பரைக் கழற்றி முகத்தில் அறைந்தார். "தூ" என்று துப்பினார்.

"விட்டுருங்கண்ணே! புள்ள இருக்குண்ணே!" என்று அண்ணன் அலறினார். நான் எழுதிக் கொடுத்த வசனம். அது எங்கே கிடைத்தது என்று எனக்குத்தானே தெரியும். அவர் வாயில் ரத்தம். எங்கள் செயற்கை ரத்தம் பாட்டிலில் அப்படியே இருந்தது.

அவருடைய இடது கை கூட்டத்துக்கு நடுவே தெரிந்தது. விரிந்த கை. தூக்கப் பார்த்தது. அதன்மேல் ஒரு பூட்ஸ் கால் ஏறி நின்றது. அந்த ஆளுக்குத் தெரியாது, அவர் வேறு பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பூட்ஸுக்கு அடியில் விரல்கள் துடிப்பதைத் திரையில் பார்த்தேன்.

நான் "கட்" சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம், இதுதான், இதற்காகத்தான் வந்தோம் என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு அந்தக் காட்சியை ஓட்டிக் கணக்குப் பார்த்தேன். கையை மிதித்ததிலிருந்து நாற்பத்தொரு வினாடி.

அதை நிறுத்தியதும் நான் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மீகூன் பிரட்டிக்கொண்டிருந்த அக்கா, தன் புருஷனின் குரலை அடையாளம் கண்டுகொண்டார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியாதா? கையில் இருந்த இரும்புக் கரண்டியோடு ஓடி வந்தார். முதுகு, தலை, தோள் என்று பார்க்காமல் விளாசினார். மோட்டார் கடைக்காரரின் காது கிழிந்தது. கூட்டம் விலகியது. அப்போதுதான் நான் எழுந்து கத்தினேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நேராக நடந்து வந்து அதே கரண்டியால் என் நெற்றியில் அடித்தார். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது.

"பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தியாடா? ஒக்காந்து பாத்துக்கிட்டா இருந்த?"

நாசி லெமாக் அம்மா ஒரு கால் சிலிப்பரோடு நின்றார். "நான் சும்மாதான் அடிச்சேன். சும்மாதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மோட்டார் கடைக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அண்ணனின் ரத்தம்.

அண்ணனைப் பின் சீட்டில் படுக்க வைத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு என் காடியில்தான் கொண்டுபோனோம். அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு முறிவு, இடது கையில் மூன்று விரல் நசுங்கல், ஒரு காதில் ஓயாத இரைச்சல். எனக்கு நெற்றியில் ஏழு தையல். எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டபோது, "படம் எடுத்தோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். அண்ணன் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். என் கைய மிதிச்சத நீ பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சின்னத் திரை, வெயில், சரியாகத் தெரியவில்லை என்று. "பாத்தேன்ணே" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

சொன்னேன். அதோடு நிறுத்த முடியவில்லை. சந்தை, பொட்டலம், இரண்டு உதை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை, அடிபட்டுக் கிடந்த ஒரு மனிதன்மேல் கொட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ போ" என்றார். "இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல."

அக்கா போலீசில் புகார் கொடுத்தார். எடுத்த காட்சி முழுவதையும் நான் ஒப்படைத்தேன். வாக்குமூலத்தில் நாற்பத்தொரு வினாடியையும் சொன்னேன். எழுதிக்கொண்ட அதிகாரி அதற்கு எந்தச் சட்டமும் இல்லை என்றார். பழைய கதையையும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். இதுவரை கூப்பிடவில்லை. மோட்டார் கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். கோர்ட் வாசலில் என்னைப் பிடித்து, "எனக்கு அவரு மூஞ்சியே தெரியலங்க. வேற மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு" என்றார். அந்த முகத்தை அவருக்குக் காட்டியவன் நான்.

படத்தை நிறுத்தினோம். நடந்ததை அதே பக்கத்தில் நானே பேசிப் போட்டேன், என் பழைய கதையையும் சேர்த்து. காசைத் திருப்பிக் கொடுத்தோம். திட்டியவர்கள் நிறைய. ஒருநாள் காலையில் என் காடிக் கண்ணாடியை உடைத்துப் போட்டிருந்தார்கள். இன்னும் சிலர் ரகசியமாகக் கேட்டார்கள்: "அந்த சீன மட்டும் அனுப்ப முடியுமா பிரதர்?" ஐந்து பேர் அப்படிக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். என் நண்பன் அதைப் படித்துவிட்டு, என் கண் முன்னாலேயே நகல் எல்லாவற்றையும் அழித்தான்.

அண்ணன் ஆறு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். விரலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள், வாரம் ஒருமுறை போக வேண்டும், பஸ்ஸில் நெருக்கும்போது பயமாக இருக்கிறது என்றார். "நீ வந்து ஏத்திட்டுப் போறியா?"

செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். அவர் பின் சீட்டில்தான் உட்காருவார். போகும் வழியெல்லாம் வானொலி ஓடும். அவருக்குக் கேட்கும் காதுப் பக்கமாகத் திரும்பி நான் ஏதாவது பேசினால் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். போன மாதம் சிக்னலில் நின்றபோது பக்கத்து மோட்டார்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அண்ணன் சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்துவிட்டார். பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் நிமிரும் வரை நான் காடியை எடுக்கவில்லை.

அக்கா என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. காடியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் காத்திருப்பேன். அவர் அண்ணனைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். போன செவ்வாய் மட்டும், காடிக் கதவைச் சாத்திய பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தார். நெற்றித் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த வாரம் எட்டு மணிக்கே வந்துரு. லேட்டா போனா ஆளு நெறைய நிக்குது. அவரால கூட்டத்துல நிக்க முடியல" என்றார்.

"சரிக்கா" என்றேன். அவர் உள்ளே போய்க் கேட்டைப் பூட்டினார். நான் காடியை எடுத்தேன்.