லூர்துமேரியின் சுவரில் எழுதியது

ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து, அறுக்க நின்ற நெல் வயலிலேயே முளைவிட்ட வருஷம் அது. அந்த வருஷம்தான் திருபுவனையில் லூர்துமேரி வேலை பார்த்த கம்பெனி பாதி ஆட்களை நிறுத்தியது. பைபாஸ் வரும் என்று ஏறிக் கிடந்த மனை விலையும் பொத்தென்று விழுந்தது. அன்று தொடங்கிய அவள் பாடு போன வாரம் ஒரு நாள் முடிந்தது. அன்றைக்குக் காலையில் மாதாகோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. "பெரியவரே, உங்க எதிர்வூட்டு லூர்தம்மா போயிட்டாங்க" என்றான் பால்காரன். சொம்பை அவன் வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

பாகூர்ப் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, பிறர் எழுதியது.

வீட்டுக்காரன் செத்தபின் மகள் ஸ்டெல்லாவை வைத்துக்கொண்டு, வங்கிக் கடனில் இரண்டு அறை கட்டினாள். வேலை போனதும் வங்கிக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். எங்களை மதியம்வரை நிற்க வைத்தார் மேனேஜர்.

"கட்ட மாட்டேன்னு சொல்லல சார். மாசத் தவணைய கொறைச்சி, வருஷத்த கூட்டிக் குடுங்க."

"வீட்டை வித்து அடைச்சிடுங்கம்மா."

"இப்ப வித்தா பாதிக் கடன்கூட அடையாது. நீங்க வாங்கிக்கிறீங்களா சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சில நாளில் இரண்டு பையன்கள் வந்து அவள் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதினார்கள். ஏதோ சர்க்கார் திட்டம் என்று நினைத்து நான் போய், "தம்பி, என் வூட்டுக்கும் எழுதுவீங்களா?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். "இந்த வீடு வங்கியில் அடமானம், யாரும் வாங்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறதாம். காலையிலிருந்து உள்ளே அழுதுகொண்டிருந்த லூர்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"உனக்கும் எழுதிடலாம் மாமா. நீ கேட்டு இல்லேன்றதா?"

மறுநாள் அவளே சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து என் சுவரில் அதையே எழுதினாள். எனக்கு ஒரு பைசா கடன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன், "கடன் இல்லாத வூட்ல இன்னாத்துக்கு இந்த அசிங்கம்?" என்று கத்தினான். "நான் திருடலண்ணா, தவணைதான் கேட்டேன். இதுல இன்னா அசிங்கம்?" என்றாள் லூர்து. சாயங்காலம் அவனே டப்பாவை வாங்கித் தன் சுவரில் எழுதிக்கொண்டான். அந்த வாரத்தில் தெரு முழுக்கச் சிவந்துவிட்டது.

ஏலத்துக்காக வீட்டைக் காட்ட மேனேஜர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். "லூர்துமேரி வீடு எது?" என்றார். "படிச்சவரு நீங்க. சொவுத்துல எழுதியிருக்கே, பாத்துக்குங்க சார்" என்றேன். வாங்க வந்தவன் தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அதன்பிறகுதான் மேனேஜர் அவள் வாசலில் உட்கார்ந்து, தவணையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அவள் ஒரு மாதமும் தவறவில்லை. இட்லி விற்றுக் கட்டினாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே வங்கி ஆட்கள் வந்துவிட்டார்கள். சவப்பெட்டிக்குப் போட்ட பூ வாசலில் வாடிக்கூட முடியவில்லை. கடன் வாங்கினவர் இறந்துவிட்டாராம், பழைய ஏற்பாடு செல்லாதாம், மொத்தமாகக் கட்டாவிட்டால் பூட்டுவார்களாம். "அதே தவணைய நான் கட்டுறேன் சார்" என்றாள் ஸ்டெல்லா. வந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்தவளின் கையெழுத்து செத்துப்போகும், கடன் மட்டும் உயிரோடு இருக்குமா? இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதும் என் சுவரில் அவள் எழுதியதை விட்டுவிட்டுத்தான் அடித்தேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். நேற்று தெருவில் எல்லோரும் வெயிலில் மங்கிய எழுத்துகள்மேல் மறுபடி சிவப்புப் பூசினோம். பூட்ட வருகிறவர்கள் வரட்டும், நாங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சியிருப்பவள் ஒருத்தி. அவள் உள்ளே இருக்கிறாள். பெயர் ஸ்டெல்லா.