அவள் சினிமாவுக்குப் போகவில்லை

என் மனைவி அன்று சினிமாவுக்குப் போகவில்லை. போனாள் என்று எழுதியவன் நான். அதை நாவலாக்கி, அச்சிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். இருபது ஆண்டுகளாக யாரிடமும் அது பொய் என்று சொல்லவில்லை. எழுபத்து நான்கு வயதில் இப்போது சொல்கிறேன்.

பினாங்குக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டவை இங்குள்ள வீட்டு வாசல்கள். மரக்கதவுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பிக் கதவு. அதற்கு வீட்டுக்குள் இருப்பவர்களே பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். யாராவது வந்தால் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, சாவியைத் தேடி எடுத்து வந்து திறப்பார்கள். நம் ஊரில் வீடு பூட்டியிருந்தால் உள்ளே ஆளில்லை என்று பொருள். இங்கே பூட்டியிருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். முதல் மாதம் இரண்டு வீடுகளில் பூட்டைப் பார்த்துவிட்டு அழைக்காமலே திரும்பி வந்திருக்கிறேன். இன்று நானும் அப்படித்தான் உள்ளே இருந்து பூட்டிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் திருச்சியில் வெளியே பூட்டிய ஒரு வீடும், அதற்குள் இருந்த என் இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வருகிறார்கள்.

இங்கே ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்தேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அதன் பிறகு திரும்பிவிடுவேன் என்று மனைவி பூங்கோதையிடம் சொல்லியிருந்தேன். அப்போது மகள் நித்யாவுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இரண்டு ஆண்டு நான்கானது, பிறகு கணக்கு வைப்பதையே விட்டுவிட்டேன். வகுப்பு முடிந்த மாலைகளில் எழுதத் தொடங்கினேன். இந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. "ஐயா" என்பார்கள், நாற்காலி இழுத்துப் போடுவார்கள். திருச்சியில் யாரும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. நான் திரும்பாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

என் நாவலில் ஒரு தாய் வருகிறாள். கணவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவள் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலை வாருவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு சினிமாவுக்குப் போகிறாள். தம்பி பசியில் அழ, ஆறு வயது மகள் பால் காய்ச்சப் போய்க் கையைச் சுட்டுக்கொள்கிறாள். நாவலின் நடுவில் வருகிற அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். தாய்மையின் மறுபக்கத்தைத் துணிச்சலாகக் காட்டியிருக்கிறேன் என்று எழுதினார்கள். பூங்கோதைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கல்லூரி விடுதியில் அதைப் படித்த நித்யா அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை. அவள் இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்று தன்னைப் பூட்டிவிட்டு அம்மா எங்கே போனாள் என்பதை அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. என் புத்தகம்தான் சொன்னது. அதன் பிறகு அவள் தாயிடம் பேசியதெல்லாம் மருந்து வாங்கியாச்சா, மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்ற அளவில்தான்.

சென்ற ஆண்டு இங்கே தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் வாசகர் வட்டம் அந்த நாவலைப் பேச எடுத்துக்கொண்டது. இருபது பேர், ஒரு தட்டு கறிபாப், பெரிய கேத்தலில் தேநீர். "இந்தத் தாய் ஏன் தோற்கிறாள்?" என்ற தலைப்பை விமலாவுக்குக் கொடுத்திருந்தார்கள். விமலா சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருப்பவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். மற்றவர்களைப் போல் தாளில் எழுதிக்கொண்டு வரவில்லை. புத்தகத்தில் பல பக்கங்களை மடித்து வைத்திருந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவ படிச்சிட்டேன். இந்த அம்மா ஏன் இப்படி ஆனாங்கன்னு கேட்டா, பதில் புக்கில இல்லலா."

நான் சிரித்துக்கொண்டே, இலக்கியம் எல்லாவற்றையும் விளக்கிவிடக் கூடாது, வாசகருக்கு இடம் விட வேண்டும் என்று சொன்னேன். பல மேடைகளில் சொல்லிப் பழகிய பதில். அவர் அதைத் தன் படிப்பைப் பற்றிய கேலியாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"நான் ஃபார்ம் த்ரீ வரைக்கும் படிச்சவதான் ஐயா. இலக்கியம்லாம் தெரியாது. ஆனா கால் தெரியும். சினிமாவுக்குப் போயிட்டு வர்றாங்க. வந்து வாசப்படியில உக்காந்து காலப் பிடிச்சி விட்டுக்கிறாங்க, கணுக்கால் வீங்கிக் கெடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. சினிமாவுல உக்காந்துதான பாப்பாங்க? நான் லைன்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவ. நின்னாத்தான் அப்படி வீங்கும். இவங்க எங்கயோ நின்னிருக்காங்க ஐயா. நீங்க சொல்லல."

பக்கத்தில் இருந்த ஒருவர், "விமலா அக்கா போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விமலா சிரிக்கவில்லை. "அப்பா எங்க ஐயா?" என்று கேட்டார். "எரநூறு பக்கத்துல அப்பா நாலு எடத்துலதான் வர்றாரு. நாலு எடத்துலயும் நல்லவரா இருக்காரு." நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே நினைவில்லை.

பூங்கோதை நின்றுகொண்டுதான் இருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை மருந்துக்கடையில் ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் நேரப்படி மாலை நான்கு மணிக்கு, நான் அந்தக் கடைக்கு அழைப்பேன். அவள் முன்னதாகவே வந்து காத்திருப்பாள். நாடு விட்டுப் போனவர்களின் மனைவிமார் பலருக்கும் அந்த ஞாயிறு ஒரு விரதம் போல. தொடக்கத்தில் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். அவர்கள் ரிசீவரைப் பிடுங்கி, கத்தி, அழுது, எனக்கு ஒன்றும் கேட்காது. எனவே, பிள்ளைகளைக் கூட்டி வராதே, இரைச்சலில் பேச முடிவதில்லை என்று கடிதம் எழுதினேன். அவள் கூட்டி வரவில்லை. வீட்டுக்கு முன்னால் பேருந்து போகும் சாலை. அதனால் பூட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் சூலியா தெருவில் ஒரு கடையின் மாடியில் என் சிறுகதையை வாசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் கேட்டார்கள். முடித்ததும் இன்னொரு கதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். தொலைபேசி வேலை செய்யவில்லை, விபத்து, நோய் என்றெல்லாம் எதுவும் இல்லை. மறந்துபோனேன், அவ்வளவுதான். இப்போது மணி அடிக்கும், இப்போது அடிக்கும் என்று ஏழு மணி வரை அவள் அந்தக் கடையின் படிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். எனக்கு எழுதிய கடிதத்தில் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. மூன்று மணி நேரம் நின்றதில் கால் வீங்கிவிட்டது, பாப்பாவுக்குக் கையில் சுட்டுவிட்டது, நீங்கள் சுகமா என்று கேட்டிருந்தாள். பல ஆண்டுகள் கழித்து நாவல் எழுதும்போது அந்தக் கடிதத்திலிருந்து வீங்கிய காலை மட்டும் எடுத்துக்கொண்டேன். நல்ல விவரம் என்று தோன்றியது.

அவள் படுக்கையில் விழுந்தது அதற்குப் பிறகுதான். என் தங்கை கடிதத்துக்குக் கடிதம் புகார் எழுதினாள், பிள்ளைகள் தலை வாராமல் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று. அதையெல்லாம் பத்திரமாக அடுக்கி வைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. நாவலில் அந்தத் தாய் ஏன் தோற்கிறாள் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவள் ஜெயிப்பதற்குத் தேவையான எதையும் எழுதியவன் அவளுக்குக் கொடுக்கவில்லை. பேச ஓர் ஆள் கொடுக்கவில்லை. மருத்துவரைக் கொடுக்கவில்லை. அவள் படுத்துக் கிடப்பதற்கு ஒரு காரணம்கூடக் கொடுக்கவில்லை, ஏனென்றால் காரணம் நான். காரணத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது குணம்தான். கெட்ட குணமுள்ள ஒரு பெண்ணைப் படைத்துவிட்டு அதை யதார்த்தம் என்று சொல்லிக்கொண்டேன். இருபது ஆண்டுகளில் ஒரு விமர்சகராவது அந்த வீங்கிய காலைப் பார்த்திருக்கக் கூடாதா என்று எரிச்சல் வருகிறது. நான் எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அதற்கு மேல் எரிச்சல் வருகிறது.

வாசகர் வட்டம் முடிந்த மறுவாரம் கோயம்புத்தூரில் இருக்கும் நித்யாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அப்பா, நான் அம்மாகிட்டயே கேட்டிருக்கேன். புக்க படிச்ச வருஷமே கேட்டேன். ஆமா, சினிமாவுக்குத்தான் போனேன்னு ஒத்துக்கிச்சு. இப்ப வயசானதும் அம்மாவ நல்லவளாக்கணும்னு உங்களுக்குத் தோணுது. இதுவும் ஒரு கதை. விடுங்க."

என் பொய்யை நம்பியவள் என் உண்மையை நம்பவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது ஒன்றும் அநியாயமான தண்டனை அல்ல. ஆனால் பூங்கோதை ஏன் ஆமாம் என்றாள்? அது எனக்குப் புரியவில்லை. அத்தியாயத்தைத் திருத்தி எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். பழைய பிரதிகளே கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, யார் ஐயா கேட்கிறார்கள் என்றார். திருச்சிக்குப் பயணச்சீட்டு எடுத்தேன். நித்யாவையும் வரச் சொன்னேன். எனக்காக இல்லை, தாயைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் வந்தாள்.

இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து மறுபடியும் சொன்னேன். மருந்துக்கடை, நான்கு மணி, சூலியா தெரு, இரண்டு கதைகள். கொண்டுபோயிருந்த பூங்கோதையின் பழைய கடிதத்தை நித்யாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள். பிறகு தாயைப் பார்த்து, "ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?" என்று கேட்டாள்.

பூங்கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒங்கப்பா என்னய மறந்துட்டாருன்னு ஒங்கிட்ட சொல்றதா? அதுக்கு சினிமாவுக்குப் போனேன்னு சொல்றது எனக்குக் கௌரவமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் விமானத்தில் வரும்போது நன்றாகத்தான் இருந்தன. நித்யா எழுந்து போய்த் தாயின் அருகில் உட்கார்ந்து தானும் கீரை ஆயத் தொடங்கினாள். தண்டு முற்றியிருக்கிறது என்றாள் ஒருத்தி. அந்தக் கடைக்காரன் எப்போதும் இப்படித்தான் தருகிறான் என்றாள் மற்றவள். அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அங்கே உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது தெரிந்தது. எழுந்து வாசல் பக்கம் போனேன்.

நித்யா இரண்டு நாளில் திரும்புவதாக இருந்தவள் பத்து நாள் தங்கினாள். இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். அடுத்த ஆண்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளப் போகிறாள். இதை எனக்குச் சொன்னது என் தங்கை. நித்யா என்னை அழைப்பதில்லை. நான் அழைத்தால் எடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். முன்பு தாயிடம் பேசிய அதே அளவுதான்.

நான் பினாங்குக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இருவரும் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். நானும் வரட்டுமா என்றேன். வெயிலில் எதற்கு என்றாள் பூங்கோதை. அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போய்ச் சற்று நேரத்தில் ஒருவர் சமையல் எரிவாயு உருளையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். அம்மாவின் கைபேசிக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொன்னால்தான் இறக்க முடியும் என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "நீங்க யாருங்க?" என்றார்.

பினாங்கிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் தலையசைத்து, "அப்ப வீட்டுக்காரங்க வந்ததும் ஃபோன் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, உருளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.