நாற்பத்தெட்டு நாள் சாம்பிராணி

அம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளுக்கு, பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து செல்வம் எழுதுகிறேன். தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகும் லோரி ஓட்டுகிறவன். பேசத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுத வராது. ஆனாலும் என் வீட்டில் அம்மன் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் என் மனசு ஆறாது.

போன வருடம் ஆடி மாதம் என் மனைவி கோமதி செத்துப் பிழைத்தாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைக் காட்டி, ஒன்றில்லை, இரண்டு என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறு வாரமே வாந்தி தொடங்கியது. காலையில் மட்டும்தான் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது யாருக்கு வந்ததோ தெரியாது. இவளுக்கு நேரம் காலமே இல்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வரும். வெறும் வயிறாக இருந்தால் பித்தம் வரும். பிள்ளை இரண்டு என்பதால் வாந்தியும் அதிகமாக இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையும் வெளியே வந்தது.

மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். இரட்டை என்றால் கண் பட்டுவிடும் என்று இன்னும் பயம். மாமியார் ஈஜோக்கில் இருக்கிறார். அவரிடம் சொன்னால் ஈஜோக் முழுவதும் சொன்ன மாதிரி. அதனால் அவருக்கும் சொல்லவில்லை. ஆக, சமைக்கிறவன் நான், துணி துவைக்கிறவன் நான், வாளி கழுவுகிறவன் நான். விடிவதற்கு முன்னால் கஞ்சி வைத்துவிட்டு லோரி எடுப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருக்கும்.

எனக்குக் கோபம் வரும். அவள் மேல் இல்லை. கஞ்சி மேல் கோபம், வாளி மேல் கோபம். கோபத்தைக் காட்ட ஆள் கிடைக்காதவனுக்குக் குண்டான்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுக் குண்டான்களில் இன்னும் அந்த நெளிசல் இருக்கிறது.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்தார். ஐந்து கிலோ இறங்கியிருந்தது. அவர் முகம் மாறியது. "இப்படியே போனா பேபிங்களுக்குத்தான் கஷ்டம் லா" என்றார். கோமதி வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு ஆடி வெள்ளி. சாமி மேடைக்கு முன்னால் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் காது கேட்க வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். "தாயே, இவ வாந்தி நிக்கணும். ரெண்டு பிள்ளையும் நல்லபடியா வரணும். நாப்பத்தெட்டு நாளு தவறாம உனக்குச் சாம்பிராணி போடுறேன்."

அன்றே தொடங்கினேன். மங்கிக் கிடந்த தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்தேன். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கரியை மூட்டி, சாம்பிராணி அள்ளிப் போட்டு, ஹாலில் தொடங்கி எல்லா அறைக்கும் காட்டுவேன். கடைசியாகக் கோமதி படுத்திருக்கும் அறை. அவளுக்குத்தானே வேண்டுதல்? அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன். அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, புகையைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு குளியலறைக்கு ஓடுவாள்.

வாந்தி நிற்கவில்லை. கூடியது.

மணம்தான் அவளுக்கு ஆகவில்லை என்று எனக்கும் தெரியும். நான் ஒன்றும் மக்கு இல்லை. மில் நாற்றம் என் சட்டையில் இருக்கும், அதனால் வெளிக்குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். வாசனைச் சோப்பை மாற்றினேன். தாளிப்பதை நிறுத்தினேன். பாசிர் பெனம்பாங்கிலிருந்து என் நண்பன் ஆசையாகக் கொண்டுவந்த இறாலை வாசலோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதைக்கூட விட்டேன். வீட்டில் மணக்கிற அத்தனையையும் துரத்தினேன். சாம்பிராணியை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் கணக்கில் மணம் இல்லை, பக்தி.

பதினெட்டாம் நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். மூன்று நாள் இருந்தாள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு ஓடிவந்து, வெறும் வீட்டுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, குளித்து உடை மாற்றி அவளைப் பார்க்க ஓடுவேன். மூன்றாம் நாள் போனபோது கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கிண்ணம் காலி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று வார்டில் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாப்பிட்டாள். தூங்கினாள். சாயங்காலம் நன்றியோடு இரண்டு பிடி அதிகமாகச் சாம்பிராணி போட்டேன். அறைக்குள் போனேன். மத்தியானம் சாப்பிட்டது அத்தனையும் வாளிக்குப் போனது.

அப்போதுதான் எனக்குப் பொறுமை விட்டுப்போனது. சாமி மேடைக்கு முன்னால் வந்து தூபக்காலைத் தொப்பென்று வைத்தேன். கரி சிதறியது. அம்மன் படத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"இருபத்தோரு நாளு ஆச்சு. என்னாதான் வேணும் உனக்கு? ஆஸ்பத்திரியில இருக்கிற, என் வீட்ல மட்டும் இருக்க மாட்டியா?"

சாமியை அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். பேசிவிட்டேன்.

பின்னால் கோமதியின் குரல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை மூக்கின் மேல் இருந்தது.

"அம்மன் வீட்லதாங்க இருக்கா," என்றாள். "பொகையும் வீட்லதான் இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"இத ஏன் மொத நாளே சொல்லல?"

"எப்படிங்க சொல்வேன்? நீங்க வேண்டிக்கிட்டது பிள்ளைங்களுக்கு. பாதியில நிறுத்தி ரெண்டுல ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, என்னாலதானேன்னு ஆயிடும்."

இருபத்தோரு நாளாக அந்தப் பயத்தோடு அவள் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். நான் கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. ஆனால் இப்போது எனக்கும் அதே பயம். சொன்ன வாக்கை எப்படி முறிப்பது? இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

கோமதி என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "நீங்க என்னா வேண்டிக்கிட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"நாப்பத்தெட்டு நாளு தவறாம உனக்குச் சாம்பிராணி போடுறேன்னு."

"வீட்லன்னு சொன்னீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் என்று சொல்லவே இல்லை.

"படுத்துக்கிட்டே தெனமும் அததான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "கோயில்ல போடுங்க. அவளுக்கும் போய்ச் சேரும், எனக்கும் சோறு எறங்கும்."

அன்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டேன். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சாம்பிராணி போட்டு, அங்கேயே குழாயில் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருவேன். முதல் நாள் வரும்போதே கோமதி அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சோறும் ரசமும் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். நான் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

வாந்தி ஒரே நாளில் ஓடிப்போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகும் வந்தது, ஆனால் தினம் ஒரு முறை, இரண்டு முறை. மாத்திரை வயிற்றில் தங்கியது. நாற்பத்தெட்டாம் நாள் முடிந்த வாரம் கிளினிக்குக்குப் போனோம். எடை ஏறியிருந்தது. டாக்டர் ஸ்கேன் கருவியை நகர்த்தி ஒரு துடிப்பைக் காட்டினார். பிறகு இன்னொன்றைக் காட்டினார். நான் மறுபடியும் அழுதேன். கோமதி மறுபடியும் சிரித்தாள்.

நாலாவது மாதம் வந்தால் தானாகவே குறையும் என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும், அவர் படித்தவர், நான் வாதாட வரவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான். நான் கேட்ட முதல் நாளே அம்மன் பதில் கொடுத்துவிட்டாள். அதைக் கோமதியிடம் கொடுத்து வைத்திருந்தாள். நான் படத்தைப் பார்த்து இருபத்தோரு நாள் கேட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவளிடம், "இது உனக்கு ஆகுதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமியிடம் கத்திய அன்றுதான் அவளுக்குப் பேச வழி கிடைத்தது. அந்தக் கத்தலையும் தாய் பிரார்த்தனையாகவே எடுத்துக்கொண்டாள் என்று நம்புகிறேன்.

இரண்டும் பெண் பிள்ளைகள். இப்போது நாலு மாதம் ஆகிறது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், ஈஜோக்குக்குச் செய்தி தினமும் போகிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்துக் கிடக்கலாம். வேண்டிக்கொள்ளுங்கள், அம்மன் கேட்பாள். என்னைப் போல் கோபப்பட்டுக் கேட்டாலும் கேட்பாள். ஆனால் படுத்திருப்பவரிடமும் போய்க் கேளுங்கள். பதில் அங்கே வந்து காத்திருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு, தூபக்கால் எங்கே என்று மாமியார் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து கோமதி கூப்பிட்டாள்.

"ஏங்க, உள்ள வாங்க. இப்ப எனக்கு ஆகுது."