தண்ணீர் தடவிய ரொட்டி

எங்கள் ஊரான ஒத்தக்கடையில் ரொட்டிக்கு மருந்து போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் தேர்வாகும் ஒருவர் மட்டும் நாகமலை புதுக்கோட்டைக்கு, பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைத்த தண்ணீர் ஓடும் இடத்தில் கற்பூரவல்லி தழைத்துக் கிடக்கும். அம்மா அதில் பஜ்ஜி போடுவாள், சளி பிடித்தால் ரசம் வைப்பாள். இலையைக் கசக்கிய விரலைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் வாசனை போகாது. அந்த வாசனைக்குள் ஏதோ வேலை நடக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து, ஒன்றில் இலைச் சாற்றையும் மற்றொன்றில் வெறும் தண்ணீரையும் தடவி, தனித்தனி டப்பாவில் மூடி அலமாரியில் வைத்தேன். எதில் பூஞ்சை அதிகம் வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாமா எட்டிப் பார்த்தார். “ஏத்தா, ரொட்டிக்குக் காய்ச்சலா? ஊசி ஒண்ணு போட்டு விட்ரு.”

“சும்மா இருங்க மாமா, இது ஆராய்ச்சி.”

“அம்புட்டுப் பெரிய ஆராய்ச்சியா? ஒரு டீயப் போடு, தொட்டுத் தின்னு பாத்துச் சொல்றேன்.”

கண்காட்சிக்கு முந்தைய மாலை திறந்து பார்த்தேன். தண்ணீர் தடவிய ரொட்டி முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. கற்பூரவல்லி ரொட்டியின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. குதித்தேன். மறுநாள் காலை டப்பாக்களைத் திறக்காமலேயே பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் முன்னால் மூடிகளைத் திறந்தேன். தண்ணீர் தடவிய ரொட்டி அன்று வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது.

“அப்ப தண்ணிதாம்மா நல்ல மருந்து போல,” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெற்றோர்களும் வந்திருந்தார்கள். விடுதிச் சமையல் வேலையை முடித்துவிட்டு வந்த அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். “நான்தான் மாத்துனேன் சார். காலையில பாத்தா பூத்துப் போயிக் கெடக்கு. நாலு பேரு பாக்குற எடத்துல கெட்டுப்போனத எப்பிடி வைக்கிறது? புள்ள கவனிக்கலன்னு நெனச்சுப்புட்டேன்.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. “அந்தக் கெட்டுப்போன ரொட்டிதாம்மா உங்க பொண்ணோட சோதனையே.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “குப்பை வண்டி இன்னும் வந்திருக்காது. இந்தா வாரேன்,” என்று கிளம்பினாள். தெருமுனைக் குப்பையைக் கிளறி அந்த ரொட்டியை எடுத்து, ஒரு தட்டில் வைத்து, மூடாமல் கொண்டுவந்தாள். மூக்கைப் பொத்தியபடி ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

பேராசிரியர் அதையும் என் கற்பூரவல்லி ரொட்டியையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். வாசனையைத் தரும் எண்ணெய்தான் பூஞ்சையின் மேலுறையைச் சிதைக்கிறது என்றார். ரொட்டியில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு நிறையப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் வேதியியல் படிக்கிறேன். அந்த எண்ணெயில் உள்ள தைமால், கார்வக்ரால் என்ற வேதிப்பொருட்களைப் பெயர் சொல்லிப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியும்.

அம்மாவின் சிறுவயதைப் பற்றிப் போன வருடம்தான் கேட்டேன். அவள் களையெடுக்கப் போன வீட்டுக்காரர்கள், புளித்துப் பூத்துப்போன சோற்றைத்தான் கொல்லைப்புறத்தில் வைத்து இவளைக் கூப்பிடுவார்களாம். நம் கையால் யார் முன்னாலும் கெட்டது எதையும் வைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தாளாம்.

கண்காட்சியன்று அத்தனை பேருக்கு நடுவில் அந்தத் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் மெதுவாக வந்தாள். பூஞ்சை உதிர்ந்துவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.